கப்பல் ஜன்னல்

"மாப்ள, இன்னிக்காவது மேசைய மெதுவா ஆட்டு. நேத்து நீ ஆட்டின ஆட்டுல, அங்க புயலான்னு கேட்டுட்டா உங்க அக்கா."

"கை வலிக்குது மாமா. பேசாம இன்னிக்கு உண்மையச் சொல்லிடுங்க."

கப்பல் மெக்கானிக் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சுவரைச் சரிபார்த்தார். சுவர் முழுக்க ஒரு நீலப் போர்வை. அதன் நடுவில் மச்சினன் கொண்டுவந்து கொடுத்த பெரிய வட்டத் தட்டு. தட்டில் கடல் படம் ஒட்டியிருந்தது. போனில் பார்த்தால் கப்பல் ஜன்னல். நேரில் பார்த்தால் தட்டுதான்.

அவர் கப்பல் வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்தெருவில் இந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். மனைவியிடம் இன்னும் நடுக்கடலில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளைக்கு மாமா? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு பேசி, எந்தப் பொய்ய யார்கிட்ட சொன்னேன்னே எனக்கு மறந்துபோகுது."

"உனக்குத் தெரியாததா? லீவுல வந்தா மூணு நாள் சிரிப்பா. நாலாம் நாள், ஈரத்துண்ட கட்டில்ல போட்டேன்னு ஆரம்பிப்பா. நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, கப்பல் ஏறுற வரைக்கும் மூஞ்சிய தூக்கி வச்சிருப்பா. அதே ஆளு போன்ல வந்தா தங்கம். எனக்கு அந்தப் போன்ல வர்ற பொண்டாட்டி வேணும் மாப்ள. வீட்டுக்குப் போனா அவ காணாமப் போயிடுவா."

"ரெண்டும் ஒரே ஆளுதான் மாமா."

"அது உனக்கு. நீ கூடப் பொறந்தவன்."

மேசைமேல் சாய்த்து வைத்திருந்த போன் அடித்தது. மச்சினன் மேசைக்கடியில் புகுந்து ஆட்ட ஆரம்பித்தான். திரையில் மனைவியின் முகம் வந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"என்னத்த சாப்பாடு. கப்பல் சமையல வாயில வைக்க முடியல. உன் கைச்சாப்பாட்டுக்கு ஏங்கிப் போயிட்டேன்."

"ஓ. வாயில வைக்க முடியலையா."

அந்த நேரம் பார்த்து முனை வீட்டு நாய் தொண்டை கிழியக் குரைத்தது. ஜன்னல் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது.

"கப்பல்ல ஏதுங்க நாய்?"

"கேப்டன் வளக்கிறாரு."

"நம்ம முனை வீட்டு நாய் மாதிரியே இருக்கு குரல்."

"நாய் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் குரைக்கும்."

"அதுவும் சரிதான்" என்றாள் அவள். "ஜன்னல் பளபளன்னு இருக்கே. யார் தொடச்சது?"

"நான்தான்."

மேசைக்கடியிலிருந்து மச்சினன் அவர் காலைக் கிள்ளினான். மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். நான் கப்பல விட்டு எறங்கி, ஒரேயடியா வீட்டுக்கு வந்துட்டா என்ன பண்ணுவ?"

மேசை ஆடுவது நின்றது.

"வாங்க, யார் வேணாம்னாங்க. ஆனா இப்ப என்ன அவசரம்? நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு."

"அதான. சும்மா கேட்டேன். அலை ஜாஸ்தியாகுது, வைக்கிறேன்" என்றார். மேசை அசையாமல் நின்றிருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா மாப்ள? அவளுக்கும் நான் தூரத்துல இருந்தாத்தான் பிடிக்குது."

மச்சினன் காலி சாப்பாட்டுக் கேரியரை எடுத்தான்.

"ஆனா ஒண்ணு மாப்ள. நீ எடுத்துட்டு வர்ற மெஸ் சாப்பாடு உங்க அக்கா சமையலவிட ஒரு படி மேல. அவகிட்ட சொல்லித் தொலைச்சிடாத."

மச்சினன் படியிறங்கி, சந்து வழியே சுற்றிக்கொண்டு, அக்கா வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தான். கேரியரைக் கழுவும் தொட்டியில் வைத்தான்.

"வாயில வைக்க முடியலையாமே?" என்றாள் அக்கா, கேரியரைத் திறந்து பார்த்தபடி.

"வழிச்சு சாப்பிட்டாரு. உன் சமையலவிட ஒரு படி மேலயாம். போதும்க்கா, நீயாவது வாயத் திறந்து அவரக் கூப்பிடு."

"கப்பல்ல இருந்தப்ப அஞ்சு நிமிஷத்துல லைன் போயிடும், வீட்டுக்கு வந்தா சண்டையிலயே லீவு போயிடும். இப்பதான்டா அந்த மனுஷன் உக்காந்து என் முகத்தப் பாத்து பேசறாரு, அதக் கெடுக்காத" என்றவள், கேரியரைக் கழுவிக் கவிழ்த்தாள். "நாளைக்கு வீட்டுக்கு ஆளுங்க வராங்க, தட்டு பத்தாது, அந்தக் கப்பல் ஜன்னல மட்டும் ஒரு நாளைக்கு கழட்டி எடுத்துட்டு வா."