ஓட்டையின் மேல் கட்டைவிரல்

உலகைச் சூடாக்கும் பழைய வாயு இருந்த கடைசி ஃபிரிட்ஜ் அந்தத் தெருவில் முத்துக்கருப்பனுடையது. வாயுவைச் சேகரிக்கும் பெனாசிர் அன்று வருவதாக இருந்தாள். பெட்டியைச் சுத்தமாகக் கொடுப்பதுதான் மரியாதை என்று, முத்துக்கருப்பன் ஃப்ரீசரில் இறுகியிருந்த பனியைக் கத்தியால் குத்தினார். கத்தி உள்ளே ஓடிய வாயுக் குழாயைத் துளைத்து, 'உஸ்' என்று சத்தம் வந்தது. பதறிப்போய் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

பத்து கிராமுக்கு மேல் வாயு வெளியேறினால் போதும், தண்டனையாகக் கோடை முழுக்கத் தெருவின் பொதுக் குளிர் அறையை அதிகாரிகள் பூட்டிவிடுவார்கள்.

"கத்தி வேணாம், தண்ணி ஊத்துங்கன்னு முப்பது வருசமாச் சொல்றேன்" என்று மனைவி தவமணி திட்டினாள். விஷயம் பரவியதும் குளிர் அறையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து, வியர்க்க வியர்க்க நின்று அவருக்கு விசிறினார்கள். மதியமானதும் தவமணி திட்டுவதை நிறுத்தாமலே சோறு ஊட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் பெனாசிர் வந்தாள். குழாயை மாட்டி, வாயுவை உருளைக்குள் இழுத்து, எடை பார்த்தாள்.

"ஒம்போது கிராம் குறையுதுண்ணே."

விசிறிகள் நின்றன. பெனாசிர் குழாயைக் கழற்றினாள்.

"பத்தைத் தாண்டல. தப்பிச்சீங்க. விரலை எடுங்க."

தெருவே ஆரவாரித்தது. முத்துக்கருப்பன் மட்டும் விரலை எடுக்கவில்லை.

"இரும்மா, இன்னும் ரெண்டு வாய் இருக்கு" என்றார், தவமணியின் கையைப் பார்த்தபடி.