போலந்துக்குப் போகும் பெட்டி

நவம்பர் வெயில் மூங்கில் இலைகளில் சோர்ந்து கிடக்கிறது. டென்மார்க்கின் வைலே நகருக்கு அருகிலுள்ள மிருகக்காட்சிச்சாலையில் ஜெனிதா மரப்பெட்டிக்குள் அப்பிள் துண்டுகளை வைக்கிறாள். இலையுதிர்காலம் முழுவதும் அதற்குள்தான் சாப்பாடு வைத்துப் பழக்கியிருக்கிறாள். சிவப்புப் பாண்டா வளையமிட்ட வாலை இழுத்தபடி அவளை நம்பி உள்ளே போகிறது. அவள் கதவை மூடுகிறாள். கொண்டியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. முதியோர் இல்ல வேலை முடிந்து அவளை ஏற்றிப்போக வந்த அம்மா இன்பமலர் வேலியில் சாய்ந்து நிற்கிறாள். "எங்க அனுப்பிறியள்?" "போலந்துக்கு அம்மா. சோடி சேர்க்க. இல்லாட்டி இனமே அழிஞ்சுபோகுமாம்." "அங்க இதுக்கு ஒருத்தரையும் தெரியாதே." "தெரியாது." படத்தில் மட்டும் பார்த்த மாப்பிள்ளைக்காக ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்த நாட்டில் வந்திறங்கிய இன்பமலர், கம்பிக்குள் தெரியும் சின்ன முகத்தைப் பார்க்கிறாள். "அது படுத்த வைக்கோலில கொஞ்சம் உள்ளுக்கு வை, பிள்ளை. புது இடத்தில தன்ர மணம் இல்லாட்டி நித்திரை வராது."