உள்மடிப்பு

"மிச்சத் துணி எங்கேம்மா?" என்று சம்பந்தியம்மா கேட்டபோது தையல்கடைக்காரியின் வாயில் நாலு குண்டூசி இருந்தது. பதில் சொல்லாமல் இருக்க நல்ல சாக்கு.

எவ்வளவு நேரம்தான் ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பது? ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள்.

சம்பந்தியம்மா என்றால் மாப்பிள்ளையைப் பெற்றவர். மருமகளின் கல்யாண கவுனுக்குத் தன் கையால் துணி எடுத்துக் கொடுத்தவர். எப்படியும் அரை மீட்டர் மிஞ்சும், பேத்திக்கு ஒரு சட்டை தைத்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார். மேசையில் கிடந்த கவுனை எடுத்து இடுப்புப் பக்கம் விரலால் நெருடிப் பார்த்தார்.

"இதென்ன, இங்கே இவ்வளவு தடிமனா இருக்கு?" என்று உள்பக்கத்தைத் திருப்பப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கூட வந்திருந்த பெண்ணின் அம்மாவுக்குக் கோபம் வர வேண்டும்? அவர் இங்கிலீஷ் டீச்சர். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்த மாட்டார் என்று பெயர். சம்பந்தியின் கையிலிருந்த கவுனை வாங்கி மேசையில் போட்டார்.

"அதை விடுங்க சம்பந்தி, இவங்களை நான் கேக்கறேன்" என்று தையல்கடைக்காரி பக்கம் திரும்பினார். "இங்கிலீஷ்ல 'வித்ஹோல்ட்'னு ஒரு வார்த்தை இருக்கு. அடுத்தவங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காம வெச்சுக்கறது. 'கன்சீல்'னா கண்ணுல படாம ஒளிச்சு வைக்கிறது. 'சப்ரஸ்'னா வெளியே வரப் பார்க்கறதை அமுக்கி வைக்கிறது. நீங்க பண்ணினது இதுல எது? நீங்களே சொல்லுங்க."

கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்து காத்திருந்தவர் செல்போனை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்மணி, தான் கொடுத்திருந்த துணிப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் தையல்கடைக்காரிக்கு விஷயம் உறைத்தது. துணி திருடி என்று பேர் வாங்கிவிட்டால் அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மூன்றுமே நான் பண்ணினதுதான் டீச்சர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். துணி எங்கேயும் போகவில்லை. கவுனுக்குள்ளேயேதான் இருந்தது. இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு விரற்கடைகூட வெட்டாமல் மடித்து உள்ளே விட்டுத் தைத்திருந்தாள்.

அளவு கொடுக்கக் கல்யாணப் பெண் தனியாகத்தான் வந்திருந்தாள். இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்தன்றைக்கு இந்த அளவு பத்தாது, இப்போதே இரண்டு மாசம் என்றாள்.

மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று தையல்கடைக்காரி கேட்டாள். அவருக்குத் தெரியாமலா என்று அழுகைக்கு நடுவிலும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுக்கா. இவ்வளவு கண்டிப்பா வளர்த்தாங்க. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மடிப்பைப் பிரித்து வேண்டிய அளவு தளர்த்திக் கொடுத்துவிடுகிறேன், ஈ காக்காய்க்குத் தெரியாது என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

இப்போது அந்த அம்மாவே எதிரில் நின்று பாடம் நடத்துகிறார். வாயைத் திறந்தால் பெண்ணின் மானம் போகும். திறக்காவிட்டால் தன் மானம் போகும்.

"வெட்டும்போது கை தவறிடுச்சு டீச்சர். துணி வீணாப் போச்சு" என்றாள். தொழிலுக்கு வந்ததிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

போகட்டும், பேத்திக்கு வேறு துணி பார்த்துக்கொள்ளலாம் என்று சம்பந்தியம்மா முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனார். டீச்சரும் விறுவிறுவென்று பின்னாலேயே போனார். தையல்கடைக்காரி கவுனை உறையில் போட்டு மூடினாள். நல்லதுக்கே காலமில்லை என்று நொந்துகொண்டாள்.

மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டேன் என்று டீச்சர் தனியாகத் திரும்பி வந்தார். கண்ணாடி என்னவோ அவர் மூக்கில்தான் இருந்தது.

மேசையோரம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "என்னை மன்னிச்சுடுங்கம்மா. சம்பந்தியோட கை மடிப்புக்குள்ளே போகப் பார்த்துச்சு. எனக்கு வேற வழி தெரியலை. வகுப்புல சத்தம் போட்டுப் பழகின வாய், அதான் கை கொடுத்துச்சு."

தையல்கடைக்காரி காத்திருந்தவர்களை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அளவு கொடுக்கப் போறப்ப அழுத முகமாப் போனா. திரும்பி வர்றப்ப பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வந்தா. யார்கிட்டயோ மனசைத் திறந்துட்டான்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. அவ உடம்பு பெத்தவளுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. பயந்து கிடக்கறா. கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அவளா சொல்லுவா."

பிறகு நிமிர்ந்து, காத்திருந்தவர்களைப் பார்த்து வகுப்புக் குரலில் சொன்னார். "கணக்கைத் தப்பாப் போட்டது நான்தான். இந்த மாதிரி கவுனுக்கு அவ்வளவு துணியும் வேணும். எங்க வாயை அடைக்கத்தான் கை தவறிடுச்சுன்னு இவங்க பழியைத் தன் மேல போட்டுக்கிட்டாங்க."

துணிப்பை மெல்ல மேசைக்குத் திரும்பி வந்தது.

வாசல் வரைக்கும் போன டீச்சர் என்னவோ நினைத்துக்கொண்டவராக மறுபடியும் வந்தார்.

"இன்னொண்ணு. மடிப்பைப் பிரிக்கறப்போ பாதியோட நிறுத்திடாதீங்க, முழுசாப் பிரிச்சுடுங்க" என்றார் காதோடு காதாக. "உங்ககிட்டயும் ஒரு மாசம் குறைச்சுத்தான் சொல்லியிருப்பா."