இடவலமாக ஒரு தலையாட்டல்

பல்கேரிய நாட்டுப்புற நடனக் குழுவில் சேர, மாண்ட்ரியாலின் வில்லரே பகுதி அரங்கில் ஆடிக் காட்டினாள் கிரிஜா. ஒவ்வோர் அடிக்கும் மாஸ்டர் ஸ்தோயன் தலையை இடவலமாக ஆட்டினார்.

"வேண்டாங்கறார். வா, போலாம்," என்றார் கணவர் அனந்தராமன்.

"உங்களுக்குத் தெரியாது. பல்கேரியால அப்படி ஆட்டினா ஆமான்னு அர்த்தம்!"

ஆறு வாரம் ஒத்திகைக்குப் போனாள். ஸ்தோயனும் விடாமல் ஆட்டினார். விழாவன்று பூவேலைப் பாவாடையோடு அவள் வந்து நிற்க, அவர் அனந்தராமனைத் தனியே அழைத்தார்.

"நான் மாண்ட்ரியால் வந்து முப்பது வருஷமாச்சு. இந்த ஊர் வழக்கப்படிதான் தலையாட்டறேன். வாய்விட்டுச் சொல்ல மனசு வரலை. நீங்களாவது சொல்லுங்க."

அனந்தராமன் தலையை இடவலமாக ஆட்டினார்.

"நான் கும்பகோணம், சார். இருபத்தெட்டு வருஷமா நான் இப்படி ஆட்டினாலும் அவ ஆமான்னுதான் எடுத்துக்கறா."