நாலாவது வெள்ளை

"அசையாத. அப்டியே நில்லு" என்றாள் ஆரோக்கியம்மாள். அவள் மகள் ஞானகுமாரி சுவரோடு ஒட்டி நின்றாள். அம்பத்தூரில் அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில், மூன்று வெள்ளைத் திட்டுகள் பக்கம் பக்கமாகக் காய்ந்துகொண்டிருந்தன.

பெயிண்டர் துலுக்கானம் பிரஷ்ஷும் கையுமாகக் காத்திருந்தார். காலையிலிருந்து அவர் கலக்குவதும், அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்குவதுமாகவே பொழுது போய்க்கொண்டிருந்தது.

"இது ரொம்ப வெள்ளையா கீது. வேணாம்."

"இன்னாம்மா நீ? வெள்ளை கேட்டுட்டு வெள்ளையா கீதுன்ற? பால் மாதிரி கீது பாரு."

"அந்தப் பால்தான் வேணாங்கறேன். ரெண்டாவதுல நீலம் தூக்குது. மூணாவது ஆஸ்பத்திரி செவுரு மாதிரி கீது."

துலுக்கானத்துக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு திட்டுக்கும் மகளை நகர்த்தி நிறுத்தும் அந்த அம்மாள், சுவரைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தாள்.

புரிந்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவில் கொஞ்சம் மஞ்சளும் துளி கறுப்பும் விட்டுக் கலக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை குமாரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். இதற்கு முன் வந்த மூன்று வீட்டாரும் கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'பொண்ணு கலர் கம்மி' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆரோக்கியம்மாள் பழியை மகள்மேல் போடவில்லை, அதுவரைக்கும் நல்ல மனசுதான். கிறிஸ்துமஸுக்குச் சுவரில் அடித்த பளீர் வெள்ளைமேல் போட்டாள்.

நாலாவது திட்டு சுவரில் ஏறியது. வெள்ளை என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும், அப்படி ஒரு மங்கலான வெள்ளை. அதன் முன்னால் குமாரியை நிறுத்தியதும் ஆரோக்கியம்மாளின் முகம் மலர்ந்தது.

"இதான்! ஒரு சுத்து வெளுத்துட்டா பாரேன். இந்த ஒரு செவுத்துக்கு மட்டும் அடிச்சிடுப்பா, போதும்."

"கல்யாணம் பண்ணி என்னைச் செவுத்தோடயா அனுப்பப் போறம்மா?"

"வாய மூடு. மொதல்ல அவுங்க சரின்னு சொல்லட்டும்."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் குமாரி சூப்பர்வைசர். ஒரு வரிசைப் பெண்கள் முழுக்க அவள் சொன்னபடி கேட்பார்கள். தன் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஒரு முழம் தள்ளி நிற்க அவளுக்கு உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருஇருதய ஆண்டவர் படம்கூட எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. காலியான இடத்தில் ஒரு நாற்காலி. "இத்த வுட்டு எழுந்த, அவ்ளோதான்" என்று காதோரம் சொல்லி மகளை அதில் உட்கார வைத்தாள் ஆரோக்கியம்மாள்.

திருநின்றவூரிலிருந்து பையன் இக்னேஷியஸும் அவன் அம்மா மரியபுஷ்பமும் வந்தார்கள்.

"உங்க பொண்ணு அருள்செல்வி வரலீங்களா?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"வெயில்ல எதுக்குன்னு ஊட்லயே வுட்டுட்டு வந்துட்டோம்."

வெளியே வானம் மூட்டமாக இருந்தது. ஆரோக்கியம்மாளுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவள் கண் நாற்காலியிலேயே இருந்தது.

இக்னேஷியஸ் குமாரியை நேராகப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதால்தான் சந்தேகமும் வந்தது. இவன் சிரித்தது என்னைப் பார்த்தா, இந்தச் சுவரைப் பார்த்தா?

மரியபுஷ்பம் கேசரியைத் தொடவில்லை. குமாரியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மற்ற மூன்று சுவர்களையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, குமாரியின் தலைக்கு மேலே சுவரை ஒரு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் உள்ள வாங்க" என்று ஆரோக்கியம்மாளை அடுப்பங்கரைக்கு அழைத்தாள்.

குட்டு உடைந்துவிட்டது, இனி இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று நினைத்தபடி ஆரோக்கியம்மாள் பின்னால் போனாள்.

குமாரி ஒரு கணம்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். நேராக அடுப்பங்கரைக்குப் போய் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி நின்றாள்.

"ஆண்ட்டி, அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. என் கலர் இதான். நல்லாப் பாத்துக்குங்க."

"நான் பாக்காததாம்மா?" என்றாள் மரியபுஷ்பம். "மாதா கோயில் கொடியேத்தத்துக்கு வந்தப்ப, உச்சி வெயில்ல உன்னை எம் புள்ள காட்னான். எனக்கு அப்பவே புடிச்சிப்போச்சி. புடிச்சிதான் இங்க வந்து உக்காந்துகினு கீறோம்."

குமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆரோக்கியம்மாள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ செவுத்த ஏன் அப்படிப் பாத்தீங்க?" என்றாள்.

மரியபுஷ்பம் கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பெயிண்டரக் கொஞ்சம் எங்க ஊட்டுக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் எங்க அருள்செல்வியப் பாக்க வர்றாங்க."