சூசையப்பன் செய்த பெட்டி

ரேடியோ ரிப்பேர் சூசையப்பன் கச்சேரி மேடையில் கொண்டுவந்து வைத்த பெட்டியைப் பார்த்ததுமே டிரம்மர் பெரியமுத்து குச்சிகளைக் கீழே வைத்தான்.

"என்னடா இது?"

"எலெக்ட்ரானிக் டிரம்ண்ணே. நானே செஞ்சது."

பழைய டெலிபோனில் கழற்றிய வட்ட மைக்கை, காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் தோலில் ஒட்டினான் சூசை. "தோல் அதிர்றது வயர்ல போகும். பெட்டியும் 'டும்'னு ஒரு சத்தம் போடும். ரெண்டும் சேர்ந்து வரும், பாருங்க!" ஓங்கி ஒரு குத்து விட்டுக் காட்டினான். ஹாலே அதிர்ந்தது.

"என் சத்தம் பத்தலையாக்கும்!"

சூசை பெரியமுத்துவின் வலது காலை ஒரு பார்வை பார்த்தான்.

பார்த்துவிட்டானே பாவி!

இரண்டு மாதம் முன்பு தேயிலை ஃபேக்டரியில் அந்தக் காலில் டிராலி ஏறிவிட்டது. "சரியாப் போச்சு" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாலும் பாதம் அழுத்த மறுத்தது. அடிபட்ட பிறகு இன்றுதான் முதல் கச்சேரி. பாட்டுக் குழுத் தலைவர் நல்லதம்பிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான், போடியிலிருந்து வேறு ஆள் வந்துவிடுவான். வாரம் முழுக்க ஃபேக்டரி இரைச்சலைப் பொறுத்துக்கொள்வதே சனிக்கிழமை இந்த டிரம்முக்குப் பின்னால் உட்காரத்தானே?

இப்போது பெட்டியும் வந்துவிட்டது. இனி நொண்டிக்கு இங்கே என்ன வேலை?

திரை விலகுவதற்குள், யாரும் பார்க்காதபோது பெட்டியின் வயரைப் பிடுங்கினான் பெரியமுத்து.

முதல் பாட்டு. மிதித்தான். உயிர் போகிற வலி. சத்தம்தான் வரவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு மிதி. ம்ஹும். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த நல்லதம்பி திரும்பி முறைத்தார்.

பாட்டு முடிந்ததும் சூசை குனிந்தபடி மேடைக்குள் வந்தான். தொங்கிய வயரைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சொருகிவிட்டுப் போனான்.

அடுத்த பாட்டுக்கு நுனிக்கால்தான் வைத்தான் பெரியமுத்து. கூரைத் தகரம் கிடுகிடுத்தது. முன்வரிசை கைதட்டியது.

கச்சேரி முடிந்ததும் நல்லதம்பி ஓடிவந்தார்.

"கச்சேரி ஜமாய்ச்சிருச்சுடா சூசை! எல்லாம் உன் பெட்டிதான். முதல் பாட்டுல இவன் மிதிச்சது எனக்கே கேக்கலை. பெட்டிதான் வாசிக்குதுன்னா யாரு மிதிச்சா என்ன? அடுத்த வாரம் போடிக்காரனையே உட்கார வச்சிரலாம்."

பெரியமுத்து சூசையைப் பார்த்தான். வயரைப் பிடுங்கியவனுக்கு இவன் எதற்காகப் பரிந்து பேசப் போகிறான்?

"ஐயையோ, அந்த வேலை மட்டும் வேணாம்ண்ணே!" என்று பதறினான் சூசை. "கொஞ்சம் பலமா மிதிச்சாலும் பெட்டி புகைஞ்சு போயிரும். இவ்வளவு மெதுவா மிதிக்க நம்ம பெரியமுத்தண்ணனால மட்டும்தான் முடியும்!"