சனிக்கிழமைக்கு ஒரு பேரம்

என் மகளின் விலை ஒரு சனிக்கிழமை.

கோர்ட் அவளை எனக்குச் சனிக்கிழமைகளில் மட்டும் கொடுத்திருந்தது. சனிக்கிழமைகளை மாமா தன்னிடம் வைத்திருந்தார்.

மாமா என்றால் அக்காவின் கணவர். கீல், தாழ்ப்பாள், பூட்டு மொத்த வியாபாரம். சரக்கு எடுத்துக் கொடுப்பதும் பில் போடுவதும், பாக்கிக்காரர்களுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவதும் நான். வாரத்துக்கு ஆறு நாள். மகள் சனிக்கிழமை வந்து, நான் கடையில் இருக்க, என் வீட்டு டிவியைப் பார்த்துவிட்டுப் போவாள். இரண்டு மாதம் முன்பு ஒருநாள், "அடுத்த வாரமும் வரணுமாப்பா?" என்று கேட்டாள்.

மறுநாளே மாமாவிடம் போய் நின்றேன்.

"ஆறு நாள் வேலை அஞ்சு நாள்ல முடியும்னு காட்டு மாப்ளே. காட்டிட்டுச் சனிக்கிழமைய எடுத்துக்கோ" என்றார்.

எழுத ஆரம்பித்தேன். அரை மணிக்கு ஒரு தடவை: என்ன செய்தேன், எதற்குச் செய்தேன், செய்யாவிட்டால் யார் செத்திருப்பார்கள். ஒரே ஒரு கீல் வாங்க வந்து உலகக் கதை பேசும் தச்சர். எண்ணிய பூட்டையே மறுபடி எண்ணுவது. மாமா எங்கோ வைத்த சாவியை மாமாவுக்காகத் தேடுவது. கூட்டிப் பார்த்தால் வாரத்தில் ஒரு முழு நாள் வீண். கச்சிதமாக நான் கேட்ட நாள்.

ஆனால் உள்ள விலையை எடுத்த எடுப்பில் சொல்கிறவன் எங்கள் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது. மாமாவோ ஒரு திருகாணிக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஆள். அவர் பாதியாக அறுப்பார், நான் முகத்தைத் தொங்கப் போடுவேன், பிறகு ஓர் இடத்தில் படியும். அதனால் அறுப்பதற்கு இடம் விட்டு ஏற்றி எழுதினேன். தச்சரின் ஒரு மணியை மூன்று மணி ஆக்கினேன். தாளில் டீயை அரை மணி ஆற வைத்தேன். கடைசியில் வீண் நாள் நான்கு, வேலை நாள் இரண்டு. நான்கு நாள் லீவு கேட்பது, ஒன்றில் முடிப்பது.

வெள்ளிக்கிழமை மாலை, கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து தாள்களை நீட்டினேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தலையாட்டினார். அடுத்த தாள். அதற்கும் தலையாட்டினார்.

கால்குலேட்டரைத் தொடவே இல்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் என்ன வியாபாரி? தச்சருக்கு மூன்று மணி என்று போட்டிருக்கிறேன், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? விலை சொன்னதும் பையைத் திறக்கிற ஆளைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். நோட்டு கள்ளநோட்டா, இல்லை நாம்தான் குறைத்துச் சொல்லிவிட்டோமா?

வேறு வழியில்லாமல் என் சரக்கை நானே மட்டம் தட்டினேன்.

"மாமா, கொஞ்சம் கூடத்தான் போட்டிருப்பேன். பாத்துக் குறைச்சுக்குங்க."

"எதுக்குக் குறைக்கணும்? நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

பதினோரு வருஷத்தில் அவர் என்னை நம்பியது அதுதான் முதல் தடவை.

தாள்களை ஓரம் தட்டி அடுக்கினார். பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"அடியில ஒரு கையெழுத்துப் போடு மாப்ளே. கடைக்கு ஒரு ஆள் அதிகம்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டேன், உங்கக்கா நம்பவே மாட்டேங்கறா. தம்பியே எழுதினதுன்னா நம்புவா. அந்த ரெண்டு நாள் வேலைய நானே பாத்துக்கறேன்."

எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாள். கிடைத்தது ஆறு. மகளுக்கு ஒன்று போக, ஐந்து நாள் கையிருப்பு.

எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் சொல்லுங்கள். விலை முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம்.